அறுவடை முடிந்தது, எல்லை திறக்கவில்லை: 2020இல் உவெல்வாவில் சிக்கிய மொராக்கோ பெண்கள்

2020 மார்ச் 13ஆம் தேதி ஸ்பெயினோடு இருந்த விமான, கப்பல் போக்குவரத்தை மொராக்கோ நிறுத்தியது. அன்று ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில் இருக்கும் உவெல்வா மாகாணத்தில் ஏறத்தாழ 7,000 மொராக்கோ பெண்கள் ஸ்ட்ராபெர்ரி பறித்துக்கொண்டிருந்தார்கள். கள்ளத்தோணி ஏறி வந்தவர்கள் அல்லர். இரு அரசுகளும் சேர்ந்து தேர்ந்தெடுத்து, விசா கொடுத்து, ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்தவர்கள். ஜூன் மாதம் பழம் தீர்ந்தது, வேலையும் தீர்ந்தது. ஊருக்கு முதல் கப்பல் கிளம்பியது ஜூலை 18ஆம் தேதி.

இடைப்பட்ட அந்த வாரங்களில் இவர்கள் யாருடைய பொறுப்பில் இருந்தார்கள்? இந்த ஆய்வு கேட்பது அதைத்தான். கொரோனா காலத்தில் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் உவெல்வா ஏற்பாட்டின் அடித்தளமே "இவர்கள் கட்டாயம் திரும்பிப் போவார்கள்" என்ற உத்தரவாதம்தான். அந்த உத்தரவாதத்துக்காகவே இந்தப் பெண்கள் பொறுக்கி எடுக்கப்பட்டார்கள். கடைசியில் உடைந்ததும் அதுவே, அதுவும் அவர்கள் பக்கத்திலிருந்து உடையவில்லை.

பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே

ஸ்பெயினில் விளையும் ஸ்ட்ராபெர்ரியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இந்த ஒரே மாகாணத்திலிருந்து வருகிறது. மோகேர், பாலோஸ் தெ லா ஃப்ரோன்தேரா, லெப்பே, கார்த்தாயா, அல்மோந்தே போன்ற ஊர்களைச் சுற்றி மணற்பாங்கான நிலம். அதன்மேல் கண்ணுக்கெட்டிய தூரம் வளைந்த பிளாஸ்டிக் கூடாரங்கள். விளைச்சலில் பெரும்பகுதி ஜெர்மனி, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளின் சூப்பர்மார்க்கெட்டுகளுக்குப் போகிறது. ஜனவரி வாக்கில் பறிப்பு சூடுபிடிக்கும். மார்ச், ஏப்ரலில் உச்சம். மே கடைசியிலோ ஜூனிலோ முடிந்துவிடும். ராஸ்பெர்ரி, புளுபெர்ரி தோட்டங்களும் உண்டு.

ஸ்ட்ராபெர்ரி பறிப்பதற்கென்று ஒரு கை நுணுக்கம் இருக்கிறது. பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. விரல் அழுந்திய இடம் கன்றிப்போகும். டிரக்கில் ஜெர்மனி போய்ச் சேர்வதற்குள் அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும், பெட்டி முழுக்கத் திரும்பி வரும். அதனால் காம்பை இரண்டு விரலுக்கிடையே கிள்ளி, பச்சை இதழ் பழத்தோடு நிற்கும்படி எடுத்து, கடையில் வைக்கப்போகும் அதே பெட்டியில் நேராக அடுக்க வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் போர்த்திய பாத்தி முழங்கால் உயரம்கூட இராது. குனிந்த முதுகு குனிந்தபடியே பாத்தியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போக வேண்டும். மாகாணக் கூலி ஒப்பந்தப்படி ஒரு நாள் வேலை ஆறரை மணி நேரம். கேட்கக் குறைவாகத்தான் தெரியும். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வெயில் ஏறிய பிறகு அந்த ஆறரை மணி நேரம் எப்படிப் போகும் என்பதை அதில் குனிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

2020இல் நாள் கூலி ஏறத்தாழ 40 யூரோ. அதே ஆண்டு மொராக்கோவில் விவசாயக் கூலிக்குச் சட்டம் வைத்திருந்த குறைந்தபட்ச அளவு ஒரு நாளைக்கு 70 திர்ஹாமைச் சற்றே தாண்டும். யூரோ கணக்கில் ஏறக்குறைய 7. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கைக்குழந்தையை அம்மாவிடமோ அக்காவிடமோ விட்டுவிட்டு ஒரு பெண் ஏன் கடல் தாண்டினாள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஏன் மொராக்கோ, ஏன் தாய்மார்கள்

2000களின் தொடக்கத்தில் உவெல்வாவில் பழம் பறித்தவர்களில் போலந்து, ருமேனியப் பெண்கள் நிறையப் பேர். 2004இல் போலந்தும் 2007இல் ருமேனியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. அப்புறம் அவர்கள் எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போகலாம், எங்கு வேண்டுமானாலும் தங்கலாம். பண்ணை முதலாளிகளுக்கு அது வசதிப்படவில்லை. ஸ்பெயினும் மொராக்கோவும் 2001லேயே தொழிலாளர் ஒப்பந்தம் போட்டிருந்தன. கார்த்தாயா நகராட்சி முன்னின்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியும் சேர்ந்து, அந்தக் காகித ஒப்பந்தம் ஆயிரக்கணக்கான பெண்களை அழைத்துவரும் ஏற்பாடாக வளர்ந்தது. 2008 பொருளாதார நெருக்கடியில் சுருங்கியது. 2017, 2018 வாக்கில் மறுபடி வேகமெடுத்தது.

மொராக்கோ பக்கம் ஆளெடுப்பை அனாபெக் என்னும் அரசு வேலைவாய்ப்பு முகமை நடத்துகிறது. நிபந்தனைகளைப் படித்தால் யாருக்கும் ஒரு நிமிடம் பேச்சு வராது. பெண்ணாக இருக்க வேண்டும். கிராமத்துப் பெண்ணாக, வயல் வேலை தெரிந்தவளாக இருக்க வேண்டும். இளவயதோ நடுவயதோ, 45ஐத் தாண்டக் கூடாது. திருமணமானவளோ, விதவையோ, மணவிலக்குப் பெற்றவளோ, யாராயினும் வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்க வேண்டும். பிள்ளை இருப்பவள் ஓடிப்போக மாட்டாள், பருவம் முடிந்ததும் தானாகத் திரும்புவாள் என்பது கணக்கு. அதிகாரிகள் இதைக் குடும்பப் பிணைப்பு என்பார்கள். நான் அடகு என்பேன்.

ஸ்பெயின் பக்கத்தில் "மூல நாட்டிலேயே ஆளெடுத்தல்" என்ற இந்த முறைக்கு ஆண்டுதோறும் அரசாணை வரும். அதன் முக்கியமான சரத்துகளைப் பார்த்துவிட்டால் பின்னால் நடந்தது புரியும். பண்ணை தங்குமிடம் கொடுக்க வேண்டும். போகவர உள்ள பயணத்தில் ஒரு வழிச் செலவையாவது பண்ணை ஏற்க வேண்டும். அனுமதி பெற்ற காலத்தில் வழக்கமான வேலை நேரத்தின் 75 விழுக்காட்டுக்காவது வேலை தர வேண்டும். பெண் தன் பக்கத்தில், ஊர் திரும்புவேன் என்று கையெழுத்திட வேண்டும். திரும்பிய பின் ஸ்பெயின் தூதரகத்தில் முகம் காட்டித் திரும்பியதை உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அடுத்தடுத்த பருவங்களுக்கு அழைப்பு வராது. இந்த வகை ஒப்பந்தத்தில் வேலையில்லாக் கால உதவிக்குப் பிடித்தம் கிடையாது. ஆகவே வேலை நின்றால் அந்த உதவியைக் கேட்கவும் வழியில்லை.

பெண் திரும்ப மறுத்தால் என்ன தண்டனை என்று எழுதியவர்கள், பெண் திரும்ப நினைத்து அவளுடைய நாடே கதவைச் சாத்தினால் என்ன என்று எழுதவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் எபோலா காலத்தில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் எல்லையை மூடியது 2014இல்தான். ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது.

மார்ச் முதல் மே வரை யாரும் கேட்கவில்லை

2020 பருவத்துக்கு 16,000க்கும் மேற்பட்ட மொராக்கோ பெண்கள் வரவேண்டியிருந்தது. எல்லை மூடும் நேரத்தில் பாதிக்கும் குறைவானவர்களே வந்து சேர்ந்திருந்தார்கள். மார்ச் 14இல் ஸ்பெயின் அவசரநிலை அறிவித்தது. மார்ச் 20இல் மொராக்கோவும் அறிவித்தது. ஸ்பெயின் முழுக்கக் கதவடைத்துக் கிடந்தபோதும் விவசாயம் அத்தியாவசியத் தொழில் என்று விலக்குப் பெற்றது. பழமோ செடியில் பழுத்துக்கொண்டே இருந்தது.

அப்போது ஆள் பஞ்சம். ஏப்ரல் 7ஆம் தேதி ஸ்பெயின் அரசு அவசரச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது: வேலையிழந்தவர்கள் உதவித்தொகையை இழக்காமல் வயலில் வேலை செய்யலாம், அனுமதி முடியும் நிலையில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு நீட்டிப்பு, சட்டப்படி தங்கியிருக்கும் 18 முதல் 21 வயது வரையிலான புலம்பெயர் இளைஞர்களுக்கும் வயல் வேலைக்கு அனுமதி. ஏற்கெனவே வந்து இறங்கியிருந்த 7,000 பெண்களுக்கும் நீட்டிப்புக் கிடைத்தது. பறிக்கத் தெரிந்த கை அந்த மாதங்களில் தங்கம் மாதிரி. ஆகவே அவர்கள் எப்போது, எப்படித் திரும்புவார்கள் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. எழுப்ப வேண்டிய நேரம் அதுதான். கையில் இரண்டு மாத அவகாசம் இருந்தது.

எல்லோருக்கும் முழு நாள் வேலை கிடைத்தது என்றும் நினைக்க வேண்டாம். மழை நாள், சந்தை விழுந்த நாள், பழம் குறைந்த வாரம் என்று வேலை விட்டு விட்டு வரும். வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. மாதம் 22 நாள் கிடைத்தால் 880 யூரோ. 15 நாள்தான் கிடைத்தால் 600. அதில் சாப்பாடு போக மிச்சம் ஊருக்குப் போகும். 75 விழுக்காடு என்ற சரத்தை ஒரு பெண் தனியாக நின்று வாதாடி வாங்குவது நடக்கிற காரியமில்லை. ஒப்பந்தம் ஸ்பானிய மொழியில் இருக்கும். அவள் பேசுவது மொராக்கோ அரபி. எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் கணிசம். அடுத்த ஆண்டு அழைப்பு வருமா என்பது முதலாளியின் பட்டியலில் இருக்கிறது. 2018இல் அல்மோந்தே பகுதியில் ஒரு பண்ணையின்மேல் பாலியல் அத்துமீறல், கூலி மோசடி என்று சில பெண்கள் துணிந்து புகார் கொடுத்தார்கள். அந்த வழக்கு எத்தனை ஆண்டு இழுத்தது என்பதைப் பார்த்த மற்றவர்கள் வாயைத் திறப்பார்களா?

அந்த மாகாணத்தின் நிலைமை வெளியுலகத்துக்குத் தெரியாமலும் இல்லை. 2020 பிப்ரவரியில், கொரோனாவுக்குச் சற்று முன், கடும் வறுமை பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் உவெல்வாவுக்கு வந்தார். ஒப்பந்தம் ஏதுமில்லாத புலம்பெயர் தொழிலாளர்கள் அட்டையும் பிளாஸ்டிக்கும் கொண்டு கட்டிய குடிசைப் பகுதிகளைப் பார்த்துவிட்டு, உலகில் தான் கண்டவற்றில் மிக மோசமானவற்றுக்கு இணையானது என்றார். அது இந்தப் பெண்களின் குடியிருப்பு அல்ல. ஆனால் அதே பழம், அதே மண்.

மொராக்கோ ஏன் தன் குடிமக்களையே தடுத்தது

பல நாடுகள் வெளிநாட்டவரைத் தடுத்தன. மொராக்கோ தன் சொந்தக் குடிமக்களையும் தடுத்தது. 30,000க்கும் மேற்பட்டவர்கள் பல நாடுகளில் மாட்டிக்கொண்டார்கள்: சுற்றுலா போனவர்கள், சிகிச்சைக்குப் போனவர்கள், உறவினரைப் பார்க்கப் போனவர்கள். மே நடுவில்தான் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஸ்பெயின் நகரங்களான மெலில்லா, சேயுத்தாவிலிருந்து சிறு குழுக்களாக அழைக்கத் தொடங்கினார்கள்.

மொராக்கோவின் நியாயத்தையும் கேட்டுவிட வேண்டும். தீவிர சிகிச்சைப் படுக்கைகள் குறைவான நாடு. அந்த வசந்தத்தில் ஐரோப்பாவிலேயே தொற்று கடுமையாக இருந்த நாடுகளில் ஒன்று ஸ்பெயின். எல்லையை ஆரம்பத்திலேயே இறுக்கியதால் முதல் அலை மொராக்கோவில் அடக்கமாகப் போனது உண்மை. ஜூன் மாதத்தில் அவர்களுடைய பயத்துக்கு ஆதாரமும் கிடைத்தது. கெனித்ரா மாகாணத்து லல்லா மைமூனாவில் ஸ்ட்ராபெர்ரி பதப்படுத்தும் கூடங்களில் நூற்றுக்கணக்கானோருக்குத் தொற்று ஒரே வாரத்தில் வெடித்தது. உவெல்வாவுக்குப் பெண்கள் வரும் பகுதிகளில் கெனித்ராவும் ஒன்று. அக்கரையிலும் இக்கரையிலும் அதே பழம் பறிக்கும் அதே ஊர்ப் பெண்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் 12ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, தன் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை எவரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்கிறது. 1979 முதல் மொராக்கோ அதற்குக் கட்டுப்பட்ட நாடு. ஒரு வாரம், இரண்டு வாரம் நிறுத்திவைத்துத் தனிமைப்படுத்தும் இடங்களைத் தயார் செய்வது வேறு. தேதியே சொல்லாமல் நான்கு மாதம் நிறுத்திவைப்பது வேறு. முன்னதைத் தற்காப்பு என்று ஏற்கலாம். பின்னதற்கு அந்தப் பெயர் ஒட்டாது.

ஜூன்

அவசரநிலை ஜூன் 21இல் முடிந்தது. ஸ்பெயின் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது. உவெல்வாவின் கடற்கரைகளுக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டரில், பறிப்பு முடிந்து பிளாஸ்டிக் உருவப்பட்ட வயல்களுக்கு நடுவே, இந்தப் பெண்கள் காத்திருந்தார்கள்.

தங்குமிடம் என்றால் பெரும்பாலும் பண்ணைக்குள்ளேயே இருக்கும் பெட்டி வீடுகள். ஓர் அறையில் அடுக்குக் கட்டில்கள், பொதுச் சமையலறை, பொதுக் குளியலறை. ஊர் தள்ளி இருக்கும். கடைக்குப் போக ஒன்று நடக்க வேண்டும், இல்லையென்றால் பண்ணை வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். வேலை நடக்கும்போது இதெல்லாம் பெரிதாகத் தெரியாது; உடம்பு அசந்து விழுந்துவிடும். வேலை நின்றபின் பகல் முழுக்க அதே அறை, தென் ஸ்பெயினின் ஜூன் வெயில், கையில் ஒரு கைபேசி. மறுமுனையில் பிள்ளை எப்போது வருவாய் என்று கேட்கும். சொல்வதற்குத் தேதி கிடையாது.

பணக் கணக்கு இன்னும் கொடுமை. வந்தவள் மூன்று, நான்கு மாதம் சம்பாதித்து மிச்சம் பிடித்துக்கொண்டு போக வந்தாள். ஜூனில் வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. ஊருக்கு அனுப்பலாம் என்று வைத்திருந்த பணத்தில் அரிசியும் எண்ணெயும் வாங்க வேண்டியதாயிற்று. ஊரிலோ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அனுப்ப வேண்டிய தொகை மாதாமாதம் அப்படியே இருந்தது. அங்கேயும் ஊரடங்கு, சந்தை மூடல், கூலி வேலை இல்லை. தொண்டு அமைப்புகள் உணவுப் பொருள் கொடுத்த இடங்கள் உண்டு. கடினமான வேலைக்கு வந்து கௌரவமாகச் சம்பாதித்தவள், வேலை முடிந்த கையோடு நிவாரண வரிசையில் நின்றாள்.

கர்ப்பமாக இருந்தவர்கள் இருந்தார்கள். அங்கேயே பிரசவித்தவர்களும் உண்டு. பிறந்த குழந்தைக்குப் பயணக் காகிதம் வேண்டும். அதற்குத் தூதரகம் நகர வேண்டும். பருவம் முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்த நோயாளிகளுக்கு மருந்து தீர்ந்தது. ரம்ஜான் முழுவதும் வயலில் போயிற்று. மே 24இல் நோன்புப் பெருநாளும் அங்கேயே. அடுத்தது ஜூலை 31, பக்ரீத். அதற்குள்ளாவது வீடு போய்ச் சேர வேண்டும் என்பது ஜூலை மாதக் கோரிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்தது.

சட்டப்படி இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான் வேடிக்கை. தங்கும் அனுமதிகளை ஸ்பெயின் நீட்டித்துவிட்டது. யாரும் சட்டவிரோதமாகத் தங்கியவர் ஆகவில்லை. பண்ணையைக் கேட்டால் ஒப்பந்தம் முடிந்தது, தங்க இடம் கொடுத்திருக்கிறோம் என்றது. ஸ்பெயின் அரசைக் கேட்டால் நாங்கள் அனுப்பத் தயார், மொராக்கோ அனுமதிக்க வேண்டும் என்றது. மொராக்கோ, அனைவரையும் படிப்படியாக அழைக்கிறோம் என்றது. மூன்று பதிலும் பொய் இல்லை. மூன்றையும் சேர்த்தாலும் ஒரு வேளைச் சோறு ஆகாது.

ஜூலை 1ஆம் தேதி, ஆல்ஸ்டனுக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்திருந்த ஐ.நா. அறிக்கையாளர் ஒலிவியே தெ ஷூட்டர், ஸ்பெயினில் பருவகாலப் புலம்பெயர் தொழிலாளர்களின் நிலை பற்றிக் கடுமையான அறிக்கை விட்டார். மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி, நிறுவனங்கள் என்று ஒருவர்மீது ஒருவர் பொறுப்பைத் தள்ளிவிடுவதை நிறுத்துங்கள் என்பது அதன் சாரம்.

கப்பல்

ஜூலை 14 நள்ளிரவு முதல் மொராக்கோ தன் குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் கதவைத் திறந்தது. கடல் வழியாக வர விரும்புவோர் எந்தத் துறைமுகத்திலிருந்து ஏற வேண்டும் தெரியுமா? பிரான்சின் செத், இத்தாலியின் ஜெனோவா. இரண்டு கரைக்கும் இடையே ஜிப்ரால்டர் நீரிணை குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர்தான். ஸ்பெயினின் தரிஃபாவிலிருந்து மொராக்கோவின் டாஞ்சியருக்கு விரைவுப் படகில் ஒரு மணி நேரம். ஸ்பெயினின் துறைமுகங்கள் பட்டியலிலேயே இல்லை. கார் வைத்திருப்பவர் பிரான்சுக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சுற்றி வரலாம். பண்ணை வீட்டில் இருக்கும் பழம் பறிப்பவள் எப்படிப் போவாள்?

ஆகவே இவர்களுக்கென்று தனி ஏற்பாடு பேசி முடிக்க வேண்டியிருந்தது. உவெல்வா துறைமுகத்திலிருந்து நேராக டாஞ்சியருக்குச் சிறப்புக் கப்பல்கள். முதல் கப்பல் ஜூலை 18 சனிக்கிழமை, ஏறத்தாழ 1,200 பேருடன். தொடர்ந்து அடுத்தடுத்த கப்பல்கள்.

ஏறும் முன் எல்லோருக்கும் பிசிஆர் பரிசோதனை. அந்தக் கோடையில் மொராக்கோ கேட்டது 48 மணி நேரத்துக்குள் எடுத்த முடிவு. ஆயிரத்து இருநூறு பேர் சிதறிக் கிடக்கும் பண்ணைகளிலிருந்து மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வாங்கி, பேருந்து ஏற்றி, காகிதம் சரிபார்த்துக் கப்பலேற்ற வேண்டும். எல்லாம் அந்த அவகாசத்துக்குள். செய்து காட்டினார்கள். ஜூலையில் முடிந்த இந்தக் காரியம் ஜூன் முதல் வாரத்தில் ஏன் முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்து மருத்துவக் காரணம் இல்லை. பரிசோதனையும் கப்பலும் துறைமுகமும் அப்போதும் இருந்தன. இல்லாதது மொராக்கோ தலைநகர் ரபாத்தின் ஒப்புதல். அந்த ஒப்புதலை வேகமாக வாங்கும் அவசரம் மத்ரித்துக்கு இருந்ததாகவும் தெரியவில்லை.

வேறு இடங்களில்

உவெல்வா ஒரே கதை அல்ல. கனடாவின் பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் 1966இல் ஜமைக்காவோடு தொடங்கியது. டிரினிடாட் அடுத்த ஆண்டு சேர்ந்தது. அதிகபட்சம் எட்டு மாதம், டிசம்பர் 15க்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்பது விதி. டிரினிடாட் 2020 மார்ச்சிலேயே எல்லையை மூடி, தன் குடிமக்கள் உள்ளே வரவும் தனித்தனி விலக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று வைத்தது. டிசம்பரில் ஒன்டாரியோ பண்ணைகளில் ஏறத்தாழ 400 டிரினிடாட் தொழிலாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். கோடைக்காகக் கட்டிய பண்ணை வீடுகளில் கனடாவின் குளிர்காலம்.

நியூசிலாந்தில் பழத்தோட்ட வேலைக்கு வந்த, பசிபிக் தீவு நாடான வனுவாட்டு மக்களின் கதையில் புயலும் சேர்ந்துகொண்டது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் ஹெரால்ட் புயல் வனுவாட்டுவின் வடதீவுகளைச் சூறையாடியது. வீடு இருக்கிறதா என்றே தெரியாமல் தோட்டத்தில் நின்றார்கள். அங்கே விசாக்கள் தானாகவே செப்டம்பர் 25 வரை நீட்டிக்கப்பட்டன. ஜூன் மாதம் 1,000க்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்ப நியூசிலாந்து விமானப்படையும் கைகொடுத்தது. ஆளை வேலைக்கு அழைத்த நாடு தன் விமானத்தை எடுத்துக்கொண்டு கொண்டுபோய் விடலாம் என்பதற்கு இது ஒரு முன்னுதாரணம். ஸ்பெயினுக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை.

பிறகு

அடுத்த ஆண்டும் கிட்டத்தட்ட அதே முட்டுச்சந்து வந்தது, வேறு காரணத்தோடு. 2021 ஏப்ரலில், மொராக்கோவிடமிருந்து மேற்கு சஹாராவின் விடுதலைக்குப் போராடும் பொலிசாரியோ முன்னணியின் தலைவர் பிராஹிம் காலிக்கு ஸ்பெயின் சிகிச்சை அளித்தது வெளிவந்தது. இரு நாட்டு உறவு கெட்டது. மே மாதம் மொராக்கோவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சேயுத்தாவுக்குள் நுழைந்தார்கள். ஜூனில் மொராக்கோ, கோடைக்கால ஊர் திரும்பும் பயணத்துக்கான துறைமுகப் பட்டியலிலிருந்து ஸ்பெயினை மறுபடி நீக்கியது. அந்தப் பருவத்தில் உவெல்வாவில் இருந்தவர்கள் 12,000க்கும் மேல். இந்த முறை சிறப்புக் கப்பல்கள் தாமதமின்றி வந்தன. முந்தைய ஆண்டின் கூச்சல் அந்த அளவுக்காவது வேலை செய்தது.

2022 ஜூலையில் ஸ்பெயின் வெளிநாட்டவர் விதிகளைத் திருத்தியது. பருவகாலத் தொழிலாளருக்கு நான்கு ஆண்டுக்கான அனுமதி, ஆண்டுக்கு ஒன்பது மாதம் வரை வேலை, ஒழுங்காகத் திரும்பி வந்தவர்கள் அதன் முடிவில் இரண்டு ஆண்டு தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நல்ல முன்னேற்றம்தான், முதலாளியின் பட்டியலுக்கு இருந்த பிடி கொஞ்சம் தளரும். ஆனால் இதிலும் திரும்புவது தொழிலாளியின் கடமை. திரும்ப முடியாமல் போகும் நாட்களுக்கு விலை யார் கொடுப்பது என்ற இடம் காலியாகவே நிற்கிறது.

அந்த இடத்தில் ஒரே ஒரு சரத்து போதும் என்பது என் கருத்து: கடைசி வேலை நாளிலிருந்து கப்பலேறும் நாள் வரை, எல்லை எந்தக் காரணத்துக்காக மூடியிருந்தாலும், நாள் கூலியில் பாதி. பண்ணையும் இரு அரசுகளும் பங்கு போட்டுக் கொடுக்கட்டும். 2020க்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 20 யூரோ, 7,000 பேர், ஒரு நாளைக்கு 1,40,000 யூரோ. முப்பது நாளுக்கு 42 லட்சம் யூரோ. உவெல்வாவின் பெர்ரிப் பழ ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி யூரோ. அதில் இது அரை விழுக்காடுகூட வராது.